பால்மரத் தூள்: கெடாவின் தோட்டங்களும் தச்சுப் பட்டறைகளும்

கெடா மாநிலத்தின் ரப்பர் வரலாறு பெரும்பாலும் பாலின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. பால் வெட்டியவர்களின் கூலியும், அதை எடைபோட்ட கிராணியின் கணக்கும், பாளமாக்கி ஏற்றுமதி செய்த நிறுவனங்களின் ஆதாயமும் பதிவேடுகளில் இடம்பெற்றன. அந்தப் பாலைச் சுரந்த மரம் வீழ்த்தப்பட்ட பின் என்னவாயிற்று என்ற கேள்வியை நீண்ட காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. மரமே கழிவாகக் கருதப்பட்ட நாட்களில், அதை அறுக்கும்போது பறக்கும் தூள் கணக்கில் வராமற்போனதில் வியப்பில்லை. எனினும் அதே மரம் மலேசியத் தளவாடத் தொழிலின் முதன்மை மூலப்பொருளாகிவிட்ட பின்னர், அதன் தூள் ஆயிரக்கணக்கானோரின் மூச்சோடு தொடர்புடைய செய்தியாகிவிட்டது. தூளை உறிஞ்சி ஒதுக்கும் கருவிகள் உலகில் தோன்றிய வரிசையைக் கவனித்தால், அவை முதலில் இயந்திரத்தின் ஓட்டத்தையும் சரக்கின் தரத்தையும் காக்கவே உருவானவை என்பதும், மனிதரின் மூச்சைக் காக்கும் கடமை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே அவற்றின்மேல் ஏற்றப்பட்டது என்பதும் தெளிவாகும். இவ்விரண்டு ஏற்பாடுகளும் எட்டாத இடத்தில் இருப்பது வீட்டுப் பட்டறை. தூள் சேகரிக்கும் கருவியின் உறுப்புகளை அங்கே கையாலேயே செய்துகொள்ளும் தச்சர், அவற்றை ஆபத்தின்றிச் செய்யும் அறிவை ஆலைகளின் கடந்த காலத்திலிருந்தே பெற வேண்டியிருக்கிறது.

1909ஆம் ஆண்டின் ஆங்கில–சயாம் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் மேலாண்மைக்கு மாறிய காலத்தை ஒட்டி, மாநிலத்தின் தென்பகுதியான கோல மூடா, கூலிம், பாலிங், பண்டார் பாரு மாவட்டங்களில் ரப்பர் தோட்டங்கள் வேகமாக விரிந்தன. பினாங்குத் துறைமுகம் அருகில் இருந்ததும், 1910களில் இருப்புப்பாதை சுங்கைப்பட்டாணியைக் கடந்து அலோர் ஸ்டார் நோக்கிச் சென்றதும் இந்த விரிவுக்குத் துணைநின்றன. வடக்கே நெல்வயல், தெற்கே கித்தாக் காடு என்று மாநிலத்தின் நிலமே இரண்டாகப் பிரிந்தது; கித்தா என்பது ரப்பரைக் குறிக்க மலேசியத் தமிழர் அன்றாடம் வழங்கும் சொல். பீடோங் அருகே ஹார்வார்ட், கூலிம் வட்டாரத்தில் டப்ளின், பாடாங் செராய்ப் பக்கம் விக்டோரியா என்று தூரதேசப் பெயர்களைச் சூடிய தோட்டங்களில், கங்காணிகள் ஊரில் ஆள்சேர்க்கும் முறையிலும் பின்னர்க் குடியேற்ற நிதியின் செலவிலும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் லயங்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்டனர். சோழர் காலத்துக் கடாரமாகத் தமிழ் வாசகர் அறிந்த இந்நிலம், இருபதாம் நூற்றாண்டுத் தமிழருக்குப் பால்வாளியும் வெட்டுக்கத்தியுமாகவே அறிமுகமாயிற்று.

பெரிய தோட்டங்களில் ஸ்டோரை ஒட்டியோ பட்டறையை ஒட்டியோ தச்சுக்கென்று ஓர் இடம் இருப்பது வழக்கம். லயத்துக் கதவுகளும் சன்னல் பலகைகளும், கத்திகளுக்கான கைப்பிடிகளும், இரு தலைப்பிலும் பால்வாளி மாட்டித் தோளில் சுமக்கும் காண்டாக் கம்புகளும், புகைக்கூடத்தில் ரப்பர்ப் பாளங்களைத் தொங்கவிடும் சட்டங்களும் ஆசாரியின் வேலைகளாக இருந்தன. அவர் கையாண்டவை செங்கால், மெரந்தி போன்ற காட்டு மரங்கள். கண்ணெதிரே வரிசை வரிசையாக நின்ற ரப்பர் மரத்தை அவர் விரும்பாததற்குத் தக்க காரணம் இருந்தது. மாவுச்சத்து மிகுந்த அம்மரம் வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பாரித்துப் பூஞ்சை பிடிக்கும், துளைவண்டு ஏறும், சில மாதங்களில் உளுத்துப் போகும். ஆசாரியின் கருவிகளான கைரம்பமும் உளியும் இழைப்புளியும் பெரும்பாலும் சுருளையும் பருந்தூளையுமே உதிர்த்தன. அவை காலடியில் விழுந்தன, விளக்குமாற்றுக்கு அடங்கின, திறந்த கொட்டகையின் காற்றும் உதவியது. கைத்தச்சிலும் உப்புத்தாள் தேய்க்கும்போது நுண்தூள் எழுந்ததுதான்; ஆனால் மனிதக் கையின் வேகத்தில் ஒரு நாளில் எழக்கூடிய நுண்தூள் அளவானது. மின்மோட்டாரின் வேகம் வந்த பிறகே இந்தக் கணக்கு அடியோடு மாறியது.

தோட்டத்தில் காற்றோட்டத்தைத் திட்டமிட்டுக் கட்டிய முதல் கட்டடம் புகைக்கூடமே எனலாம். உறையவைத்து, உருளையில் அழுத்தி, வரிவரியாகப் பதிந்த ரப்பர்ப் பாளங்கள் அங்கே சில நாட்கள் புகையிலும் மிதமான வெப்பத்திலும் தொங்கின. எரிபொருள், பட்டுப்போன அல்லது களைந்தெடுத்த ரப்பர் மர விறகு. அடுப்பிலிருந்து புகை சீராக மேலேறவும், ஈரக்காற்று கூரைத் திறப்பு வழியே வெளியேறவும், பொறி எதுவும் பாளத்தை எட்டாதிருக்கவும் அளவெடுத்துக் கட்டினார்கள். அத்தனை அக்கறையும் பாளத்தின் நிறத்துக்காகவும் தரப்பிரிவுக்காகவும் செலவாயிற்று. சட்டங்களை ஏற்றவும் இறக்கவும் உள்ளே நுழைந்தவர்களின் கண்ணையும் நெஞ்சையும் நினைத்து அந்தக் கட்டடம் வரையப்படவில்லை. பொருளுக்காக முதலில் காற்றை ஆளும் இந்த மனப்பாங்கு, பின்வந்த மர ஆலைகளிலும் தொடர்ந்தது.

மரம் கழிவிலிருந்து சரக்காக மாறியதற்குக் காரணம் மறுநடவு. ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரையே ஆதாயமாகப் பால் தரும். அதன்பின் அதை வீழ்த்தி, 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கியவை போன்ற உயர்விளைச்சல் கன்றுகளை நடுவதே முறை. போருக்குப் பின் மலாயாவின் மரங்களில் பெரும்பகுதி கிழடுதட்டிப் போயிருந்தமையால், 1952இல் சட்டப்படி மறுநடவு நிதி ஒன்று அமைக்கப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையும் குடியிருப்பும் இழந்த அதே காலப்பகுதியில், அப்போதைய அமைச்சர் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தன் முதல் தோட்டமாக வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. மறுநடவில் வீழ்ந்த மரங்கள் செங்கல் சூளைக்கும் புகைக்கூடத்துக்கும் போயின, எஞ்சியவை நிலத்திலேயே எரிக்கப்பட்டன. ஜப்பானிய யவாத்தா நிறுவனத்தின் கூட்டில் உருவாகி, கெடா எல்லைக்கு அப்பால் பிறையில் 1967இல் இயங்கத் தொடங்கிய மலாயவாத்தா இரும்பாலை தன் ஊதுலைக்கு ரப்பர் மரக்கரியைப் பயன்படுத்தியது. நிலக்கரிக்குப் பதிலாகக் கிழட்டுப் பால்மரம் இரும்பை உருக்கியது வடமலேசியத் தொழில் வரலாற்றில் தனித்து ஆராயத்தக்க அத்தியாயம். 1950களில் நட்ட கன்றுகள் 1970களின் பிற்பகுதியில் தம் காலத்தை முடித்தபோது, எரிப்பதற்கு மிஞ்சிய மரம் நாடெங்கும் குவிந்தது. காட்டு மரமோ அருகிவந்தது.

கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் இம்மரத்தைப் பதப்படுத்தும் முறைகளை ஆராய்ந்து வகுத்தது. வெட்டிய மரத்தைத் தாமதமின்றி அறுத்து, பலகைகளை ஓர் உருளைக் கலனுக்குள் அடுக்கி, காற்றை வெளியேற்றி, போராக்ஸ், போரிக் அமிலம் முதலிய போரான் உப்புக் கரைசலை அழுத்தத்துடன் மரத்தின் உள்வரை செலுத்தி, பின்னர்ச் சூட்டறையில் உலர்த்துவது அம்முறையின் சாரம். தொடக்க ஆண்டுகளில் நீலப்பூஞ்சையைத் தடுக்கச் சோடியம் பென்டாகுளோரோபீனேட் என்னும் நஞ்சிலும் பலகைகள் முக்கப்பட்டன. அது உடலுக்குக் கேடு என்று தெளிவான பின் கைவிடப்பட்டது. பழைய பலகைகளை மறுபடி இழைத்துப் பயன்படுத்த விரும்பும் இன்றைய வீட்டுத் தச்சர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது, ஏனெனில் அவர் எழுப்பும் தூளில் மரம் மட்டுமே இருப்பதில்லை.

1980களிலும் 1990களிலும் ரப்பர் மரத் தளவாடம் ஏற்றுமதிப் பொருளாக வளர்ந்தது. ஜொகூரின் மூவார் இதன் தலைநகராயிற்று என்றாலும், மரம் விளைந்த கெடாவிலும் அறுவை ஆலைகளும் பலகை ஆலைகளும் தோன்றின. செம்பனைக்கு மாறிய தோட்டங்களிலிருந்தும், வீட்டுமனைகளாகிப்போன தோட்டங்களிலிருந்தும் வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் இளைஞர்கள் சுங்கைப்பட்டாணியின் பாக்கார் ஆராங் போன்ற தொழிற்பேட்டைகளுக்கும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கும், சிறு தச்சாலைகளுக்கும் வேலைக்குப் போயினர். பெற்றோர் விடியற்காலையில் வெட்டிய மரத்தையே பிள்ளைகள் பகலில் இழைத்தார்கள் என்ற தொடர்ச்சி பல குடும்பங்களில் இருந்தது.

இழைப்பறையில் இம்மரம் காட்டும் ஓர் இயல்பு தூளைப் பற்றிய எந்த ஆய்விலும் முன்னால் வைக்கப்பட வேண்டியது. ரப்பர் மரத்தின் தண்டில் இழுவிசை மரம் எனப்படும் பகுதி மிகுதி. சாய்ந்து வளரும் தண்டு தன்னை நிமிர்த்திக்கொள்ள உருவாக்கும் இந்த இழைகள், கூரிய அலகு பட்டாலும் சுத்தமாக அறுபடாமல் பஞ்சு போல் எழுந்து நிற்கும். கையால் தடவினால் மேற்பரப்பு பொசுபொசுவென்று இருக்கும். சாயம் பூசினால் திட்டுத்திட்டாக உறிஞ்சும். அதைப் போக்க முதலில் பருவெட்டான உப்புத்தாளாலும் பின்னர் மேலும் மேலும் நுண்ணிய உப்புத்தாளாலும் மீண்டும் மீண்டும் உரசியாக வேண்டும். தாள் நுண்மையாகும்தோறும் தூளும் நுண்மையாகிறது. தோட்டத்து ஆசாரியின் காலடியில் விழுந்த சுருள் இங்கே கண்ணுக்குத் தெரியாத மாவாகிக் காற்றில் ஏறியது. அமைதியான காற்றில் 10 மைக்ரோன் அளவுள்ள துகள், அதாவது ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறு, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஐந்தாறு நிமிடங்கள் ஆகும்; ஒரு மைக்ரோன் துகள் இறங்க எட்டு மணி நேரத்தை நெருங்கும். நுரையீரலின் கடைசி அறைகள் வரை போகக்கூடியவை இந்த இரண்டாம் வகைத் துகள்களே. தரையைப் பெருக்கிவிட்டுப் பட்டறை சுத்தமாயிற்று என்று நம்புவது எவ்வளவு தவறு என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டிவிடுகின்றன.

தூளை விசிறியால் இழுக்கும் எண்ணம் இந்த ரப்பர் மர ஆலைகளுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில், காலணிகளுக்கான மரமுளைகளைச் செய்யும் இயந்திரங்களில் ஈடுபட்டிருந்த பெஞ்சமின் ஸ்டர்டவன்ட், அவை கக்கிய தூளை அகற்றுவதற்காக 1860களில் உறிஞ்சுவிசிறியை வடிவமைத்து, பின்னர் விசிறித் தொழிலிலேயே பெரும் ஆலை அதிபரானார். 1880களில் ஜான் ஃபிஞ்ச் என்பவர் பெயரில் சுழற்காற்றுப் பிரிப்பான் காப்புரிமை பெற்றது. சைக்ளோன் என்றே இன்று எங்கும் வழங்கும் இக்கலன் மேலே உருளையாகவும் கீழே குறுகும் கூம்பாகவும் அமைந்தது. தூள் கலந்த காற்று உருளையின் பக்கச் சுவரை ஒட்டித் தொடுகோட்டில் நுழைந்து சுழல்கிறது. கனமான துகள்கள் சுவரோடு ஒதுங்கிச் சரிந்து கூம்பின் அடிவாயால் கீழுள்ள தொட்டியில் விழுகின்றன. இலேசான காற்று நடுவே திரும்பி, மேல்மூடியிலிருந்து உள்ளிறங்கும் குழாய் வழியாக வெளியேறுகிறது. கெடாவின் வயற்காட்டில் நெல்லைத் தூற்றுபவர் காற்றின் துணையால் மணியையும் பதரையும் பிரிப்பது போன்ற வேலைதான் இது. ஒரே வேறுபாடு, இங்கே காற்றோடு போய்விடும் பதரே நுரையீரலுக்குப் பகையானது. சைக்ளோன் சுருளையும் பருந்தூளையும் சிறப்பாகப் பிடிக்கும். மிக நுண்ணிய மாவு அதைத் தப்பிச் செல்லும். ஆலை அதிபர்களுக்கு அது போதுமானதாக இருந்தது, ஏனெனில் இயந்திரத்தை அடைத்ததும் தரையில் குவிந்ததும் சுருளே. தப்பிய மாவைச் சுவாசித்தவர்களின் கணக்கை அக்காலத்தில் எவரும் வைக்கவில்லை.

அந்தக் கணக்கு இங்கிலாந்தில் 1960களில் எழுதப்பட்டது. நாற்காலித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஹை விகாம் நகரில், காது மூக்கு தொண்டை மருத்துவர் எஸ்மி ஹேட்ஃபீல்டும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களும், அரிதாகவே காணப்படும் ஒருவகை மூக்குக்குழிப் புற்றுநோய் தளவாடத் தொழிலாளரிடையே வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதைக் கவனித்தனர். 1968இல் வெளியான ஆய்வு இத்தொடர்பை மருத்துவ உலகுக்கு உறுதிப்படுத்தியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. ஆஸ்துமாவும் தோல் அழற்சியும் இதற்கு முன்பே அறியப்பட்டவை. மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் மற்றும் இயந்திரங்கள் சட்டம், 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 2000ஆம் ஆண்டில் வந்த தீங்குதரும் இரசாயனப் பொருட்கள் பற்றிய விதிமுறைகள் என்று படிப்படியாகக் கடமைகள் வகுக்கப்பட்டன; வேலையிடக் காற்றில் மரத்தூள் ஒரு கன மீட்டருக்குச் சில மில்லிகிராம் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் அடங்கும். வேலைக்கு அமர்த்துபவருக்கும் அமர்த்தப்படுபவருக்கும் இடையிலான உறவை மையமாகக் கொண்ட இக்கடமைகள், தன் ஓய்வு நேரத்தில் தன் வீட்டு முன்கூடத்தில் தனக்காக மரம் இழைப்பவரைத் தேடி வருவதில்லை.

அந்த முன்கூடம்தான் இன்று கெடா நகரங்களில் மரவேலை நடக்கும் இயல்பான இடம். தாமான் என வழங்கும் குடியிருப்புப் பேட்டைகளின் தொடர்வீடுகளில், கார் நிறுத்தும் கூரையின் கீழ் ஒரு மேசை ரம்பமும் ஒரு கை உரசி இயந்திரமும் வைத்தால் பட்டறை தொடங்கிவிடுகிறது. பலகைக்கும் பஞ்சமில்லை: ஆலைகள் கழிக்கும் ரப்பர் மரத் துண்டுகளும், சரக்கு அடுக்கும் பலகைத் தட்டுகளும் எளிதில் கிடைக்கும். கடையில் விற்கும் தூள் உறிஞ்சி ரம்பத்தைவிட விலை கூடியதாக இருக்கும்போது, வீட்டுத் தூசுறிஞ்சியோடு 20 லிட்டர் சாய வாளி ஒன்றையும் பிளாஸ்டிக் குழாயையும் சேர்த்து ஒரு பிரிப்பானைத் தாமே செய்துகொள்வது எளிய வழியாகத் தோன்றுகிறது. அது நல்ல வழியும்கூட. தோட்டப் பட்டறைகளில் கிடைத்ததைக் கொண்டு தேவையானதைச் செய்த மரபின் நேரடிப் பிள்ளையான இம்முயற்சியைக் குறைகூற இடமில்லை. குறை, ஆலைகள் பட்டறிந்து கற்ற சில பாடங்கள் வீடுவரை வந்து சேராததில்தான் இருக்கிறது.

அவற்றுள் முதலாவது காற்றின் அளவு பற்றியது. மரத்தூள் குழாயில் படியாமல் ஓடுவதற்குக் காற்று நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும் என்பது ஆலைக் குழாய்களை வரைபவர்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள அளவுகோல். 100 மில்லிமீட்டர், அதாவது நான்கு அங்குலக் குழாயில் இந்த வேகம் வேண்டுமானால் மணிக்கு ஏறத்தாழ 565 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். 50 மில்லிமீட்டர் குழாய்க்கு 140 கன மீட்டர் போதும். வீட்டுத் தூசுறிஞ்சியின் இயல்பு மிகுந்த இழுவையும் குறைந்த காற்றும். பட்டறை உறிஞ்சியின் இயல்பு குறைந்த இழுவையும் மிகுந்த காற்றும். ஆகவே தூசுறிஞ்சியை நான்கு அங்குலக் குழாயில் மாட்டினால் வேகம் விழுந்து தூள் பாதிவழியில் தங்கிவிடும். கை உரசிக்கும் சிறு ரம்பத்துக்கும் ஒல்லிக் குழாயில் அது செம்மையாக உழைக்கும். இழைப்பு இயந்திரத்துக்கு எக்காலத்திலும் போதாது. வளைவுகளில் நெடிய வளைவே நல்லது. மடிப்புக் குழாய் ஒரே நீளமுள்ள வழவழப்பான குழாயைவிடப் பன்மடங்கு உராய்வு தருவதால், இயந்திரத்தோடு இணையும் கடைசித் துண்டுக்கு மட்டுமே அது உகந்தது.

இரண்டாவது பாடம் வாளியின் வலிமை. நல்ல தூசுறிஞ்சி ஒன்று, குழாய்வாய் அடைபட்ட கணத்தில் 20 கிலோபாஸ்கல் அளவுக்கு, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, வெற்றிடத்தை உண்டாக்கக்கூடும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின்மேல் அப்போது வெளிக்காற்று ஏறத்தாழ 140 கிலோ எடையோடு அழுத்துகிறது. அரைமீட்டரைத் தாண்டும் விட்டமுள்ள பெரிய பீப்பாயின் மூடியில் இது 500 கிலோவைத் தொடும். மெல்லிய வாளி பட்டென்று உள்மடங்கிச் சப்பையாவதும், மூடி உடைந்து சில்லு பறப்பதும் இதனாலேயே. தடித்த சுவரும் புடைப்பு வளையங்களும் உள்ள கலனைத் தேர்வதும், மூடிக்கு அடியில் கனத்த ஒட்டுப்பலகை வட்டம் ஒன்றை இறுக்குவதும், வெற்றிடம் மிஞ்சும்போது தானே திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும் சுருள்வில் தடுக்கிதழ் ஒன்றைப் பொருத்துவதும் இதற்கு மாற்று. எண்ணெயோ கரைப்பானோ இருந்த இரும்புப் பீப்பாயை வாங்கி அதில் துளையிடுவது இதைவிடப் பெரிய ஆபத்து. காலியாகத் தோன்றும் பீப்பாய்க்குள் எஞ்சிய ஆவி, வெட்டும் சக்கரத்தின் ஒரே பொறியில் வெடித்துவிடும். உண்பொருள் வந்த கலனே பட்டறைக்கு ஏற்றது.

சைக்ளோனைத் தாமே வடிப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது விகிதத்தில். உருளையின் விட்டத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு நீளமுள்ள கூம்பு வேண்டும். வெளியேறும் குழாயின் குறுக்களவு அவ்விட்டத்தில் பாதி. அக்குழாயின் அடிவாய், காற்று நுழையும் துளையின் கீழ்விளிம்பையும் தாண்டி இறங்கியிருக்க வேண்டும், இல்லையெனில் நுழைந்த தூள் சுழலாமலே குறுக்குவழியில் வெளியேறிவிடும். அடித்தொட்டியின் இணைப்பில் மயிரிழை அளவு கசிவு இருந்தாலும், கீழிருந்து நுழையும் காற்று விழுந்த தூளைத் திரும்ப மேலே கொண்டுபோய்விடும் என்பதால், நுரைப்பட்டையும் இறுக்கும் கொக்கிகளும் அழகுக்காக அல்லாமல் வேலைக்காக இடம்பெறுகின்றன.

விசிறியின் சுழலியை ஒட்டுப்பலகையில் வெட்டிச் செய்யும் பழக்கத்தை முற்றாகத் தவிர்க்கச் சொல்வதே முறை. மலேசிய மின்சாரத்தில் ஓடும் இருதுருவ மோட்டாரில் 30 சென்டிமீட்டர் சுழலியின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒட்டு விட்டுப்போன ஒரு தகடு அந்த வேகத்தில் கழன்றால் மெல்லிய பெட்டி அதைத் தாங்காது. ஆலையில் சமநிலை பார்த்துச் செய்த உலோகச் சுழலியை வாங்கி, மற்ற எல்லாவற்றையும் கையால் செய்வது அறிவுடைமை. சைக்ளோனை விசிறிக்கு முன்னால் வைத்தால் மரத்துண்டுகள் சுழலியை எட்டுவதில்லை. மோட்டார் தூள்காற்று ஓடும் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும். கரித்துண்டுத் தொடுகை கொண்ட மோட்டாரில் பொறி எழுவது இயல்பு என்பதால், தூள் அதனூடே செல்லக் கூடாது. மின்னிணைப்புக்கு நிலத்தொடுப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் காப்புச் சாதனமும் இன்றியமையாதவை. நீட்டிப்பு வடத்தைச் சுருட்டியபடியே பயன்படுத்தினால் அது சூடேறி உருகும்.

வெடிப்பைப் பற்றிய அச்சமும் அலட்சியமும் வீட்டுப் பட்டறைகளில் ஒருங்கே காணப்படுகின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு அறுவை ஆலைகள் மரத்தூள் வெடிப்பால் அழிந்தன. இங்கிலாந்தின் போஸ்லியில் 2015இல் ஒரு மரமாவு ஆலையில் நால்வர் இறந்தனர். மரத்தூள் வெடிக்க ஒரு கன மீட்டர் காற்றில் பல பத்துக் கிராம் தூள் மிதக்க வேண்டும். நுரையீரலுக்கு விதித்த வரம்பு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் எட்டாது. எனவே திறந்த முன்கூடத்தில் மனிதர் நின்று மூச்சுவிடக்கூடிய காற்று வெடிப்பதில்லை. வெடிக்கத் தகுந்த செறிவு தொட்டிக்குள்ளும் வடிகட்டிப் பைக்குள்ளும் உதறும் கணத்திலும்தான் உண்டாகிறது. பிளாஸ்டிக் குழாயில் உராய்வால் நிலைமின் சேர்ந்து சுள்ளென்று தாக்குவது உண்மை. வெளிப்புறத்தில் செப்புக்கம்பியைச் சுற்றினாலும் மின்கடத்தாத அந்தக் குழாயின் உள்முகத்து மின்னேற்றம் முழுதும் வடிந்துவிடாது. துத்தநாகம் பூசிய தகட்டுக் குழாயை நிலத்தொடுப்போடு இணைப்பதே ஆலைகளின் வழி. சிறு பட்டறையில் இதைக் காட்டிலும் அடிக்கடி நெருப்பைக் கொண்டுவரக்கூடியது ஆணி. சரக்குத் தட்டுப் பலகையில் மறைந்திருக்கும் ஆணி ரம்பப் பல்லில் பட்டுத் தெறிக்கும் பொறி, குழாய்வழியே தொட்டிக்குள் போய்த் தூளுக்கு நடுவே மணிக்கணக்கில் கனன்று, வீட்டார் உறங்கிய பின் தீயாக எழும். ஆகவே இரும்பைத் தீட்டும் கல்லை ஒருபோதும் மரத்தூள் உறிஞ்சியோடு இணைக்கக் கூடாது. அன்றாட வேலை முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, மூடியுள்ள உலோக வாளியில் தூளை வீட்டுச் சுவரை விட்டு விலக்கி வைக்க வேண்டும். எண்ணெய் மெருகு தேய்த்த துணிகள் தானே சூடேறிப் பற்றக்கூடியவை என்பதால் அவற்றை அவ்வாளியில் போடக் கூடாது.

இவ்வளவும் செய்த பின்னரும், சைக்ளோனைத் தப்பும் மாவு எங்கே போகிறது என்ற கேள்விதான் கருவியின் தகுதியைத் தீர்மானிக்கிறது. பருத்தித் துணிப்பை மாட்டிய பழைய உறிஞ்சிகள், கண்ணுக்குத் தெரிந்த தூளைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாததை அறையெங்கும் ஊதிப் பரப்பின; அவ்வகையில் அவை இல்லாமலிருப்பதைக் காட்டிலும் கேடு செய்தன என்றுகூடச் சொல்லலாம். மடிப்புத்தாள் வடிகட்டி நுண்தூளைப் பிடிக்கும். அதன் பரப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு மெதுவாகக் காற்று கடந்து செல்வதால் அடைப்பும் குறையும். கெடாவின் மழைமாதங்களில் ஈரம் ஏறிய மாவு தாளில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். ஆண்டுத் தொடக்கத்து வறண்ட மாதங்களில் நிலைமின் தொல்லை கூடும். வடிகட்டாத காற்றைச் சுவரில் துளையிட்டு வெளியே விடுவது தோட்டத்துத் தனிவீட்டில் பொருந்தலாம், தொடர்வீட்டில் அது பக்கத்து வீட்டுத் துணிக்கொடியிலும் குழந்தையின் மூச்சிலும் போய்ச் சேரும். எந்தக் கருவியும் எல்லாத் தூளையும் பிடிப்பதில்லை என்பதால், உரசும்போதும் அதற்குப் பின் சில மணி நேரமும் என்95 தரமுள்ள முகமூடியை அணிவதும் இந்த ஏற்பாட்டின் ஓர் உறுப்பே.

ஒரு நாளில் மிகுந்த தூளை மனிதர் சுவாசிப்பது அறுக்கும்போதோ இழைக்கும்போதோ மட்டும் அல்ல. நிறைந்த பையை அவிழ்த்து உதறும் அந்தச் சில நிமிடங்களிலும்தான். தொட்டிக்குள் முன்கூட்டியே பிளாஸ்டிக் பையை விரித்து, வெற்றிடம் அதை மேலே இழுத்துவிடாதபடி உள்ளே ஒரு வளையத்தால் தாங்கி, நிறைந்ததும் வாயைக் கட்டி அப்படியே தூக்குவது இதற்கு எளிய தீர்வு. கட்டிய பை போகுமிடமும் மரத்தைப் பொறுத்தது. திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்துக்கு முரணானது. மலேசியாவில் சிப்பிக் காளான் வளர்ப்பவர்கள் ரப்பர் மரத்தூளையே படுக்கையாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் வீட்டுத் தூளையும் அவர்களுக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் எழுவது இயற்கை. ஆனால் காளானுக்கு உரியது, பதப்படுத்துவதற்கு முன் பச்சை மரத்தை அறுக்கும்போது அறுவை ஆலையில் விழும் தூள் மட்டுமே. தளவாடப் பலகையின் தூளில் பூஞ்சையைத் தடுக்கச் செலுத்திய போரான் உப்பு இருப்பதால் அதில் காளான் சரிவர முளைக்காது; காய்கறிப் பாத்திக்கும் அது ஆகாது; நகராண்மைக் கழகத்தின் குப்பை வண்டியில் சேர்ப்பதே அதற்குரிய வழி.